ரைசன் 7600-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 8400எஃப் பொருத்திக் கொடுத்த கடை: கணினி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் கவனிக்கவும்

கேமிங் கணினிக்கு உதிரிப்பாகங்கள் வாங்கத் திட்டமிட்டிருப்பவர்கள் கடைக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில், உதிரிப்பாகங்களை விற்பதோடு அங்கேயே பொருத்தியும் கொடுக்கும் ஒரு கடையில், என் தம்பிக்காக 78,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கணினியில், நாங்கள் பேசிய ப்ராசஸர் (கணினியின் மூளை போன்ற சில்லு) இல்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. ப்ராசஸரையும் மற்ற பாகங்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கியதை எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தம்பி வாலரண்ட்டும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-உம் ஆடுகிறவன். இந்த ஆட்டங்களில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்பே ப்ராசஸர்தான் திணறும் என்பதால், அதில் மட்டும் சிக்கனம் கூடாது என்று முடிவு செய்து, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 என்று எழுதி எடுத்துக்கொண்டு போனோம். வேலையைப் பகிர்ந்து செய்யும் ஆறு கோர்கள், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி, பின்னாளில் மதர்போர்டை மாற்றாமல் வேறு ப்ராசஸர் போட்டுக்கொள்ள ஏஎம்5 சாக்கெட், கார்டு பழுதானாலும் திரையில் படம் வருவதற்கு உள்ளேயே ஒரு சிறிய கிராஃபிக்ஸ் என ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அதனுடன் பி650 போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி, 80 ப்ளஸ் வெண்கலத் (Bronze) தரமுள்ள பவர் சப்ளை, கேபினெட் எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய் என்று கடைக்காரர் தம் கையாலேயே கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார்.

அவரை நாங்கள் நம்பியதற்குக் காரணம் ஒன்று உண்டு. ப்ராசஸரைக் குளிர்விக்க, தண்ணீர்க் குழாய் வைத்த விலை உயர்ந்த கூலர் ஒன்றைத் தம்பி கேட்டபோது, "7600-க்குப் பெட்டியிலேயே ஃபேன் வரும் சார், அதுக்கு மேல ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதீங்க" என்று அவரே தடுத்தார். வரும் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் மனிதர் நம்மை ஏமாற்ற மாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. 65 வாட் ப்ராசஸருக்கு அந்த ஃபேனே போதும். அந்த உண்மையைச் சொல்லித்தான் எங்கள் நம்பிக்கையைச் சம்பாதித்தார் என்பதை நினைக்கும்போது இப்போதும் உடல் எரிகிறது. பணம் முழுவதையும் யுபிஐயில் அங்கேயே அனுப்பினோம். "வேலை அதிகமா இருக்கு, நிக்க வேண்டாம், சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க" என்றார். மாலையில் போர்டின் பெட்டியும் கார்டின் பெட்டியும் கிடைத்தன. ப்ராசஸரின் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, அது குடோனில் இருப்பதாகவும், வாரண்டிக்காகத் தாங்களே பத்திரப்படுத்துவதாகவும் சொன்னார்கள். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள்.

வீட்டில் ஆட்டம் இடையிடையே தடைபட்டது. ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. கோளாறு கார்டில்தானா என்று பார்க்க, கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரின் ஒயரை நேராக போர்டில் செருகினோம். 7600 ஆக இருந்தால் படம் வந்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. கார்டைத் திரும்ப மாட்டி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரைசன் 5 8400எஃப் என்று இருந்தது. மேலே ஃபேன் உட்கார்ந்துவிட்டால் கீழே இருப்பது எந்த ப்ராசஸர் என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபோது ராமும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒற்றை 16 ஜிபி. இப்படிப் போட்டால் ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே உள்ள இரண்டு சேனல்களில் (தரவு வழிகளில்) ஒன்று சும்மா கிடக்கும். நினைவகத்தின் வேகத்தில் பாதி போய்விடும்.

கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது வந்த முதல் பதில், "எட்டாயிரம் சீரிஸ் புதுசு சார், உங்களுக்கு நல்லதைத்தான் போட்டிருக்கோம்" என்பது. எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 7600 வந்தது 2023 தொடக்கத்தில், 8400எஃப் வந்தது 2024-இல். எண்ணும் பெரியது, ஆண்டும் புதியது. ஆனால் 8400எஃப், மடிக்கணினிகளுக்காக உருவான சில்லிலிருந்து வந்தது. கோர்கள் அதே ஆறு, ஜென் 4 என்ற அமைப்பும் அதே. எல்3 கேஷ் மட்டும் 32-க்குப் பதில் 16 எம்பி, உச்ச வேகம் 5.1-க்குப் பதில் 4.7 கிகாஹெர்ட்ஸ். கேஷ் பாதியானால் ப்ராசஸர் அடிக்கடி ராமுக்கு ஓட வேண்டியிருக்கும். தம்பி ஆடும் வகை ஆட்டங்களில் அந்த ஓட்டம்தான் தடங்கலாகத் தெரியும். தரவு போய்வர கார்டுக்கு 8400எஃப் தருவது பதினாறு பாதைகள் அல்ல, எட்டே எட்டு. ஆர்டிஎக்ஸ் 4060 எட்டுப் பாதைகளையே பயன்படுத்துவதால் இன்றைக்கு அது உறைக்காது. நாளை பெரிய கார்டு வாங்கினால் உறைக்கலாம். பெயரில் உள்ள எஃப் என்ற எழுத்து, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம். மலிவான பொருளை மலிவு என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு எந்த வழக்கும் இல்லை. 7600 என்று எழுதிக் கொடுத்து 78,000 ரூபாய் வாங்கியபின் இதைச் செருகியதற்குப் பெயர் மோசடி.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். முதலாளி வெளியூர் போயிருக்கிறார். போர்டில் உள்ள அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தால் ஆட்டம் சரியாகிவிடும். 7600 ஸ்டாக் வந்ததும் மாற்றித் தருகிறோம். நேரில் போய்க் கையெழுத்துக் கொட்டேஷனை நீட்டியபோது, "கேபினெட்டை நீங்களே திறந்துட்டீங்க, இனி வாரண்டி கிடையாது" என்றார், கூலர் வேண்டாம் என்று அன்று அக்கறையோடு பேசிய அதே மனிதர். வாட்ஸ்அப்பில் ஒருவழியாக வந்த பில்லில் "அசெம்பிள்டு கணினி 1, ரூ. 78,000" என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது, எந்தப் பாகத்தின் பெயரும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. நாளைக்குக் கார்டு பழுதானால் இந்தப் பில்லை வைத்துக்கொண்டு எந்த சர்வீஸ் சென்டரில் போய் நிற்பது? அடியில் மட்டும், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். இப்போது அனுப்பும் செய்திகளைப் படிக்கிறார்கள், பதில் இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இந்தக் கோபத்தில் முடியவில்லை. அவசியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸரின் முழுப் பெயரையும், கடைசி எழுத்து உட்பட, கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். எண் பெரியதா என்று பார்க்காமல் கேஷ் எவ்வளவு என்று பாருங்கள். சீல் உடையாத பெட்டியை உங்கள் கண்முன் திறந்து பொருத்தச் சொல்லுங்கள்; முடியாது என்றால் பணத்தோடு வெளியே வந்துவிடுங்கள். பெட்டி இல்லாமல் ட்ரேயில் வரும் ப்ராசஸர் என்றால், ஏஎம்டி பெட்டிக்குத் தரும் மூன்று ஆண்டு வாரண்டியை எதிர்பார்க்க முடியாது, விற்றவரைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன், அங்கேயே கணினியை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

சொன்ன பொருளுக்குப் பதில் வேறொன்றைத் தள்ளிவிடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கொட்டேஷன், யுபிஐ ரசீது, டாஸ்க் மேனேஜர் படம் மூன்றையும் இணைத்துக் கடைக்கு நோட்டீஸ் அனுப்பப் போகிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இதே வகைக் கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், பில்லையும் கொட்டேஷனையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து எனக்கு எழுதுங்கள். கணினியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 78,000 ரூபாயையும் அவர்கள் கொடுக்கும்வரை நான் விடப்போவதில்லை.