பிஃபோர் ஆக்‌ஷனோடு பத்து வருடத்துக்கு மேல்: என் அனுபவம்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு 2014-இல் ரூபி ஆன் ரெயில்ஸில் (ரூபி மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு, சுருக்கமாக ரெயில்ஸ்) கேட் பாஸ் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் ஸ்கிரீன் உறைந்தால், உடனே கேட்டிலிருந்து போன் வந்துவிடும்.

ஆரம்பத்தில், லாகின் செய்திருக்கிறாரா என்ற சோதனையை ஒவ்வொரு மெத்தடின் (ஒரு பக்கத்துக்கான வேலையைச் செய்யும் நிரல் துண்டு) முதல் வரியிலும் எழுதினேன். ஒன்றில் மறந்தும் போனேன். அப்புறம்தான் எல்லாவற்றுக்கும் பொதுவான தாய் கிளாஸில் பிஃபோர் ஆக்‌ஷன் என்று ஒரே ஒரு வரி போட்டேன். அதன் கீழ் வரும் எல்லா கன்ட்ரோலரிலும் (தொடர்புடைய மெத்தடுகளின் தொகுப்பு) ஒவ்வொரு மெத்தடுக்கும் முன்னால் அந்தச் சோதனை ஓடும். சோதனையிலேயே வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டால் (ரீடைரக்ட்) மெத்தடுக்குள் நுழையவே நுழையாது. பாஸ் இல்லாத வண்டியை வாசலிலேயே நிறுத்துகிற மாதிரி. ரெயில்ஸ் 4-க்கு முன்னால் இதற்குப் பிஃபோர் ஃபில்டர் என்று பெயர். 2017-இல் வந்த 5.1-இல் அந்தப் பழைய பெயரை எடுத்தே விட்டார்கள்.

என்னைக் கலங்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பில் அழிக்கும் மெத்தடுக்குக் கூடுதல் பாதுகாப்பு இருக்கட்டும் என்று பில் கன்ட்ரோலரில் அதே சோதனையை, அதே பெயரில், ‘ஒன்லி’ (இந்த மெத்தடுகளுக்கு மட்டும் என்ற நிபந்தனை) போட்டு மறுபடி எழுதினார். ஒரே பெயரில் இரண்டாவது முறை அறிவித்தால் ரெயில்ஸ் முதலாவதை நீக்கிவிடும். அழிக்கும் மெத்தடுக்கு மட்டும் பூட்டு. பில் பட்டியல் முழுக்கத் திறந்து கிடந்தது. யார்டு மேனேஜர் போனில் திறந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, பாஸ்வேர்டே கேக்கலையே?” என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. இப்போது கூடுதல் சோதனை வேண்டுமென்றால் வேறு பெயரில் தனி மெத்தடாக எழுதுகிறோம். லாகின் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் தட்டிப் பார்க்கும் டெஸ்டும் இருக்கிறது.

மெத்தடுக்கு வேண்டிய தரவை முன்கூட்டியே எடுத்து வைக்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். மெத்தடைப் படிப்பவருக்கு கன்டெய்னர் விவரம் எங்கிருந்து வந்தது என்றே தெரிவதில்லை. சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இதைவிட நல்ல வசதி எனக்குத் தெரிந்து இல்லை.

2023-இல் வந்த ரெயில்ஸ் 7.1-இல், கன்ட்ரோலரில் இல்லாத மெத்தடின் பெயர் ‘ஒன்லி’ பட்டியலில் இருந்தால் பிழை காட்டும் அமைப்பு உண்டு. அதைப் போட்ட அன்றே, எப்போதோ நீக்கிய இரண்டு மெத்தடுகளின் பெயர் பட்டியலில் அப்படியே கிடந்தது வெளியே வந்தது.