எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மாதிரித் தொகுப்பு: மூடிகள் அருமை, நீர்க்கோடு தவறு

1975 நவம்பர் 10 அன்று வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் வீசிய கடும்புயலில் 29 பேருடன் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் சரக்குக் கப்பலை 1:350 அளவில் கட்டுவதற்கான பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பு இது. உண்மைக் கப்பலின் நீளம் 729 அடி என்பதால், கட்டி முடித்த மாதிரி 63 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அந்த நீளத்துக்கு அலமாரியில் இடம் உண்டா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்வது நல்லது.

அமெரிக்கப் பேரேரிகளில் ஓடிய தாதுக் கப்பல்களுக்கே உரிய முறையில், இக்கப்பலின் சுக்கான் அறை முன்முனையிலும் எந்திர அறை பின்முனையிலும் அமைந்திருந்தன. இடைப்பட்ட நீண்ட தளம் முழுவதையும், சரக்கறையின் வாய்களை அடைக்கும் 21 ஹேட்ச் மூடிகள் நிறைத்திருந்தன. அந்த மூடிகளை எப்படி வடித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே இந்தத் தொகுப்பை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. மூடிகள் சரியாக அடைபடாததால் நீர் சிறிது சிறிதாகப் புகுந்ததே கப்பல் மூழ்கக் காரணம் என்று 1977இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கை சொன்னது. ஏரிக் கப்பல் உரிமையாளர்களின் சங்கம் அதை ஏற்கவில்லை. அதே ஏரியிலுள்ள கரிபூ தீவை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் கப்பலின் அடி தட்டியிருக்க வேண்டும் என்று வாதிட்டது. 1978இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமோ, பேரலைகளின் எடை தாங்காமல் மூடிகள் உடைந்து சரக்கறைக்குள் நீர் திடீரெனப் பாய்ந்தது என்ற முடிவுக்கு வந்தது.

தொகுப்பு இந்த இடத்தில் ஏமாற்றவில்லை. 21 மூடிகளும் தனித்தனித் துண்டுகளாகக் கிடைக்கின்றன. விரும்பினால் ஒன்றிரண்டைத் திறந்தபடியும் வைக்கலாம். உண்மையில் ஒவ்வொரு மூடியையும் 68 கிளாம்புகள் இறுக்கிப் பிடித்திருந்தன. இந்த அளவில் அவை கண்ணுக்கே எட்டாத புள்ளிகள். அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டச் சொல்லாமல், மூடியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே பட்டையாக மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டிக் கொடுத்திருப்பதற்காகத் தயாரிப்பாளரை மனதாரப் பாராட்டலாம்.

சரக்கறையின் உட்புறத்தில் அதே கவனம் இல்லை. மூன்று அறைகளைப் பிரிக்கும் இரண்டு குறுக்குத் தடுப்புகளை வழிகாட்டிக் கையேடு நீர்புகாச் சுவர்கள் என்று குறிப்பிடுகிறது. அவை நீர்புகாதவை அல்ல; ஓர் அறையில் புகுந்த நீர் மற்ற அறைகளுக்கும் பரவ முடியும் என்பதுதான் இந்தக் கப்பலின் பெரும் பலவீனங்களுள் ஒன்றாக இருந்தது.

இதைவிடப் பெரிய பிழை நீர்க்கோட்டில் இருக்கிறது. ஏரிப்பரப்பில் மிதப்பதுபோல் காட்ட விரும்புவோர் அடிப்பகுதியை வெட்டி நீக்குவதற்காக உடலின் உட்புறத்தில் ஒரு கோடு கீறப்பட்டுள்ளது. அந்தக் கோடு 1958இல் கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்ட காலத்தின் சுமைக்கோட்டை, அதாவது முழுச் சுமையுடன் கப்பல் அமிழ அனுமதிக்கப்பட்ட மட்டத்தை, பின்பற்றுகிறது. ஆனால் 1969க்கும் 1973க்கும் இடையில் விதிகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, குளிர்காலத்தில் நீர்மட்டத்துக்கு மேல் தளம் நிற்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் ஏறத்தாழ மூன்றே கால் அடி குறைக்கப்பட்டது. 26,000 டன்னுக்கும் மேற்பட்ட டாகோனைட் இரும்புத்தாது உருண்டைகளுடன் கடைசிப் பயணம் புறப்பட்ட கப்பலை, கீறிய கோட்டிலேயே வெட்டினால் அது இருக்க வேண்டியதைவிட உயரமாக மிதக்கும். கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் மேலே வெட்டுங்கள். 1969இல் பொருத்தப்பட்ட முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்பும் உந்தியின் துளையைக்கூட மறவாமல் வடித்துவிட்டு, பெட்டியின் மேல் 1975ஆம் ஆண்டுத் தோற்றம் என்று அச்சிட்டவர்கள் இதில் தவறியிருப்பது விந்தைதான்.

தளத்தின் காற்றுப்போக்கிகள் வெறும் முண்டுகளாக வார்க்கப்பட்டுள்ளன. வாங்கிய பின் மாற்றியே ஆக வேண்டிய உறுப்புகள் இவை. கப்பல் மூழ்கிய அன்று பிற்பகல் மூன்றரை மணியளவில் கேப்டன் எர்னஸ்ட் மெக்சோர்லி, பின்னால் வந்துகொண்டிருந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலுக்கு வானொலியில் தெரிவித்த சேதங்களில், அறுந்த கைப்பிடி வேலியுடன் இரண்டு காற்றுப்போக்கிகளும் அடங்கும். கப்பல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதாகவும் அவர் சொன்னார். அந்த மாலை நேரத்து நிலையைக் காட்ட நினைப்பவர் மெல்லிய குழாய்த் துண்டுகளை வெட்டிப் புதிதாகச் செய்துகொள்வதே வழி. வேலி பித்தளையில் வருகிறது, நன்றாகவே பொருந்துகிறது.

உடல் முன், பின் என இரு துண்டுகளாக வருவதால் நடுவே இணைப்பு விழுகிறது. 530 அடி ஆழத்தில் இரண்டாகப் பிளந்து கிடக்கும் கப்பலுக்கு இப்படியோர் அச்சு தேவைதானா என்று தோன்றாமல் இல்லை. பசை மட்டும் அந்த இணைப்பைத் தாங்காது. உட்புறம் இரு பக்கமும் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி, ஒரு நாள் காயவிட்ட பிறகே தளத்தைப் பொருத்த வேண்டும். கையேட்டின் வரலாற்றுப் பக்கம் கப்பல் அலைமேலேயே முறிந்தது என்று ஐயமின்றி அடித்துச் சொல்கிறது. ஏரித்தரையில் மோதிய பின் முறிந்தது என்று கருதும் வல்லுநர்களும் உண்டு என்பதால், அந்தப் பக்கத்தை நம்பி மாதிரியில் விரிசல் எதையும் காட்ட வேண்டாம்.