உயர்த்திய பிக்கப்பின் பின்புறத் தொய்வு: பட்டைக் கட்டு மாற்றிய பின் எழுதுவது

பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்குகளை, அதாவது பின்பக்கப் பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) இரண்டையும் மாற்றி வண்டியை வெளியே எடுத்ததும், இதே போல உயர்த்திய பிக்கப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "என் வண்டியும் பின்னால் இறங்கித்தான் நிற்கிறது, இன்னும் உயரமான பிளாக் வைத்தால் போதாதா?" என்று கேட்டார். போதாது. பிளாக் என்பது அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் உலோகத் துண்டு; அது அவற்றின் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டுமே தவிர, வளைவை இழந்த பட்டைக்கு அந்த வளைவைத் திருப்பித் தராது.

முதலில் அது தொய்வுதானா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பிக்கப்கள் சுமையை எண்ணிப் பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவே தயாரிக்கப்படுகின்றன. வண்டியை உயர்த்தும் தொகுப்புகள் (லிஃப்ட் கிட்) பலவும் முன்பக்கத்தைக் கூடுதலாகத் தூக்கி அந்தச் சரிவை நிரவிவிடுவதால், குறையே இல்லாத வண்டியும் வால் தாழ்ந்தது போலத் தோன்றும். ஆகவே காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் அளவும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். உயர்த்திய அன்றே இந்த அளவைக் குறித்து வைத்திருந்தேன்; அதனால்தான் இரு பக்கமும் இறங்கியிருப்பதும், ஒரு பக்கம் கூடுதலாக இறங்கியிருப்பதும் ஐயமின்றித் தெரிந்தன.

அளவைவிடத் தெளிவான சான்று வண்டிக்கு அடியில் இருந்தது. கட்டின் கீழே கிடக்கும் தடித்த சுமைப் பட்டை, பாரம் ஏறும்போதுதான் மேல் பட்டைகளோடு சேர வேண்டும். என் வண்டியில் அது காலியாக நிற்கும்போதே அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. வளைந்த பட்டை தட்டையாகும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் கூடும் என்பதால், பின்முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளும் வழக்கத்தைவிடப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. அச்சு மேலெழும்பிச் சட்டகத்தில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் அடிபட்டுப் பளபளத்திருந்தது. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறங்கியிருந்தால், பட்டையில் முறிவையும், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டையும் முதலில் பாருங்கள். போல்ட் அறுந்தால் அச்சு இடம் பெயர்ந்து வண்டி கோணலாக ஓடும். ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்பவர்களை நம்பி பணத்தை விட வேண்டாம். அது ஆட்டத்தை அடக்குமே ஒழிய வண்டியின் எடையைத் தாங்குவதில்லை.

என் கோபமெல்லாம் வண்டியை உயர்த்த நான் வாங்கிய தொகுப்போடு வந்த குட்டையான கூடுதல் பட்டையின் மேல்தான். ஏற்கெனவே உழைத்துக் களைத்த பட்டைகளுக்கு நடுவே அதைச் செருகியதும் வண்டி உயர்ந்தது உண்மை. ஆனால் நீளமான பட்டையைப் போல அது வளைவைக் கட்டு முழுவதும் பரப்பாமல், தன் முனைகள் முடியும் இடத்திலேயே மற்றப் பட்டைகளை மடக்கியது. அதனால் காலியாக ஓட்டும்போது முதுகை உடைக்கும் குலுக்கலும், பாரம் ஏற்றினால் பழைய தொய்வும் சேர்ந்தே வந்தன. சுமை ஏற்றுவதற்கென்றே வாங்கும் வண்டிக்கு இப்படி ஒரு பொருளை விற்பது நியாயமே அல்ல.

இருந்தும், மறுபடி வாங்கச் சொன்னால் இதே தொகுப்பைத்தான் வாங்குவேன். முன்பக்கப் பாகங்களில் இன்றுவரை ஒரு சத்தம் இல்லை. மேடு பள்ளங்களில் வண்டி போகும் நிதானம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. பின்பக்கத்துக்கு மட்டும், உயரத்துக்கேற்ற வளைவோடு செய்த முழுப் பட்டைக் கட்டுகளை அன்றே போட்டுவிடுவேன். நண்பருக்கும் அதையே சொன்னேன்: கட்டு மாற்றும்போது, அதை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள்; பட்டை முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதே இறுக்கச் சொல்லுங்கள், தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே உழைத்துச் சீக்கிரம் கிழிந்துவிடும்.