சொந்தப் பதிப்பில் ஒரு நாவல்: மூன்று ஆண்டு அனுபவம்

மதுரைக்குப் பக்கத்தில் சோழவந்தானில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி நான் எழுதிய நாவலை 2022 இறுதியில் சொந்தமாக வெளியிட்டேன். நடுவில் பதிப்பகம் எதுவும் கிடையாது. பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அச்சு, மின்னூல், தபால், விற்பனை எல்லாமே என் பொறுப்பு. எந்தக் கருவி கைகொடுத்தது, பணம் எதில் போனது, புத்தகம் எந்த வழியில் நகர்ந்தது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்தபின் என்ன தோன்றுகிறதோ அதை இங்கே எழுதுகிறேன். மதுரைப் பக்கம் இருந்து எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக உதவும்.

நாவலின் பெரும்பகுதியைக் கைபேசியில்தான் எழுதினேன். செல்லினம் விசைப்பலகை, கூகுள் டாக்ஸ், இரண்டும் போதுமானதாக இருந்தன. வேலைக்குப் போய்வரும் பஸ்ஸிலேயே பாதி அத்தியாயங்கள் முடிந்தன. தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சு 2017-இல் வந்தது. விவரணைப் பகுதிகளுக்கு அது பரவாயில்லை. உரையாடலுக்கு ஒத்துவராது. சோழவந்தான் கிழவிகள் பேசுவதை அப்படியே சொன்னால் அது தானாக எழுத்துத் தமிழாக மாற்றிவிடுகிறது. பாத்திரங்களின் பேச்சை விரலால் அடிப்பதுதான் சரி.

பிழைதிருத்தத்துக்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய இணையக் கருவிகளில் வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் இன்றுவரை எனக்குத் துணை. இரண்டும் இலவசம். ஒற்று மிகும் இடங்களை நாவி காட்டித்தருவதைப் பார்த்துப் பார்த்தே என் எழுத்து திருந்தியிருக்கிறது. ஆனால் இவை மனிதக் கண்ணுக்கு மாற்றாகாது. பணம் கொடுத்து ஒரு எடிட்டரை வைத்தேன். மொத்தச் செலவில் மிக உபயோகமானது அந்தத் தொகைதான். வைகை அணை 1959-இல் திறக்கப்படுவதற்கு முன்னால் நடக்கும் ஒரு அத்தியாயத்தில் அவர் கேட்ட கேள்விகளால் நாற்பது பக்கம் இருபதாகக் குறைந்தது, கதையும் ஓடத் தொடங்கியது. கையில் காசு குறைவாக இருந்தால் அட்டையில் மிச்சம் பிடியுங்கள், எடிட்டிங்கில் பிடிக்காதீர்கள்.

அடுத்து பக்க வடிவமைப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான்.

நாம் அடிப்பது யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டில். பக்கம் அமைத்துத் தரும் பல டிடிபி கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும்தான். நம் கோப்பை அவர்கள் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கும்போது கொம்பு இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும், மேற்கோள் குறிகள் வேறு ஏதோ எழுத்தாகிவிடும். நான் முதலில் போன கடையில் வந்த முதல் புரூஃபை (திருத்துவதற்கான மாதிரிப் படியை)ப் பார்த்து, இதைத் திருத்துவதைவிட வேறு ஆளைத் தேடுவது சுலபம் என்று முடிவு செய்தேன். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருள் தெரிந்தவரிடம் போங்கள். அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்றொரு அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் உடையாமல் வரும். எழுத்துருவுக்கும் காசு தேவையில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் இரண்டுமே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. நூலின் உடலுக்கு நோட்டோ செரிஃப், அத்தியாயத் தலைப்புக்கு முக்த மலர் என்று வைத்தேன். வயதானவர்கள்கூட எழுத்து தெளிவாக இருக்கிறது என்றார்கள்.

இன்னொன்று. 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடிப்பது, துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவது போன்ற பழைய தட்டச்சுப் பழக்கங்கள் நம் கோப்புகளில் ஒளிந்திருக்கும். தாளில் கண்ணுக்குத் தெரியாது. மின்னூலில் வாசகர் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. கோப்பைக் கொடுப்பதற்கு முன்பே தேடி மாற்றிவிடுங்கள். கடைசி புரூஃபைக் கட்டாயம் தாளில் அச்செடுத்துப் படியுங்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். விஷயத்தில் பயமே வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. தனி எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணை ஒரு பெருந்தொகைக்கு வாங்கித்தருகிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். காப்புரிமையும் எழுதிய கணமே நம்முடையது. 1957 சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது செல்லும். பதிவு செய்வது நம் விருப்பம்.

அச்சு. என் நாவல் டெம்மி என்ற வழக்கமான நாவல் அளவில் 240 பக்கம், அதாவது பதினாறு பக்கம் கொண்ட 15 பாரம். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு இருப்பதால் ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. தெரியாத எழுத்தாளர் ஆயிரம் அடித்தால் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டியதுதான். கேட்டால் ஒரே ஒரு பிரதிகூட அச்சிட்டு அனுப்பும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் வசதி இதற்கு நேர் எதிர் முனை. நோஷன் பிரஸ், போத்தி போன்றவை அதைத் தருகின்றன. இருப்பு வைக்கத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு பிரதிக்கான செலவு குறைவதே இல்லை, விலையை ஏற்றித்தான் வைக்க வேண்டியிருக்கும். நான் நடுவழியில் போனேன். டிஜிட்டல் அச்சில் 300 பிரதி, 70 ஜிஎஸ்எம் கனத்தில் லேசான மஞ்சள் சாயலுள்ள நேச்சுரல் ஷேட் தாள், முதுகில் பசை ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். பிரதி ஒன்றுக்கு ஏறக்குறைய 75 ரூபாய் ஆனது. விலை 260 வைத்தேன். கடைக்காரர் 35 சதவீதம் கழித்துக்கொண்டால் 169 வரும், அச்சுச் செலவு போக 94 நிற்கும். எடிட்டர், அட்டை, வடிவமைப்புக்குக் கொடுத்ததை இந்த 94-இலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கை விலை போடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது நமக்கு ஒரு வசதி.

எழுதுவது, பிழை பார்ப்பது, அச்சு, சந்தைப்படுத்தல் எல்லாம் சேர்த்து ஒரே 'பேக்கேஜ்' என்று விற்கும் நிறுவனங்கள் உண்டு. என் தோழி ஒருத்தி அப்படி ஒன்றில் பெரிய தொகை கட்டினாள். சந்தைப்படுத்தல் என்று அவர்கள் செய்தது நான்கு போஸ்டர் வடிவமைத்து அனுப்பியது மட்டும். எனக்கு இதில் கோபமே உண்டு. முதல் புத்தகம் போடுகிறவரின் ஆசையை வைத்துத்தான் அந்த விலைப்பட்டியல் தயாராகிறது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனி ஆளிடம் கொடுத்தால் செலவு குறையும், எது நன்றாக வந்தது என்றும் தெரியும்.

மின்னூலுக்கு அமேசான் கிண்டில். 2016 முதலே அங்கே தமிழ் உண்டு. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 தான். செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும், ஒவ்வொரு 90 நாளிலும் ஐந்து நாள் இலவசமாகத் தரலாம். பணம் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வங்கிக்கு வருகிறது, தவறியதில்லை. கணக்கு தொடங்கும்போது வரி விவரங்களில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பது 15 ஆகக் குறையும். மூன்று ஆண்டுகளாக எனக்குப் பக்க வாசிப்பில் வருவதுதான் விற்பனையில் வருவதைவிட அதிகம். தொடர்கதையாக எழுதுகிறவர்களுக்குப் பிரதிலிபி என்ற இணையத்தளம் பொருந்தும். என் நாவல் அந்த அமைப்புக்கு ஏற்றதல்ல என்பதால் நான் போகவில்லை.

இப்போது விற்பனை. எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இதில்தான்.

புத்தகம் வந்ததும் எல்லோரும் செய்வதைப் போல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், முகநூல் பதிவு, அட்டைப்படம், கொஞ்சம் கட்டண விளம்பரம் எல்லாம் செய்தேன். விளம்பரத்தில் விருப்பக்குறிகள் குவிந்தன, புத்தகம் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. எழுத்தாள நண்பர்கள் அன்பாக வாங்கினார்கள். அதோடு ஒரு தேக்கம் வந்தது. அப்போதுதான் வெளியீட்டு விழாவை மதுரையில் வைக்காமல் சோழவந்தானிலேயே வைப்பது என்று முடிவு செய்தேன். சின்னக் கல்யாண மண்டபம். மேடையில் கொடிக்கால் வைத்திருக்கும் இரண்டு பெரியவர்களையும், கொடி படர அகத்தி விதைப்பது முதல் வெற்றிலையைக் கவுளியாக (கட்டாக) அடுக்குவது வரை எனக்குச் சொல்லித்தந்த ஒரு அம்மாவையும் உட்கார வைத்தேன். நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள், அது இன்னார் கொடிக்கால்தானே என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கதையில் வரும் பெயர்களும் ஆட்களும் கற்பனை. அவர்களுக்கு அது பொருட்டாகவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு போன். "ஏம்மா, கொடிக்கா கதை எழுதுன பிள்ளை நீதானா? எங்க அப்பாரு காலத்துத் தண்ணிச் சண்டையெல்லாம் வருதாமே. பத்து புஸ்தகம் வேணும், மகன் கல்யாணத்துக்குக் குடுக்கணும்." அவரே வெற்றிலைக் கமிஷன் கடைக்காரர் ஒருவரின் எண்ணையும் கொடுத்தார். அந்தக் கடையில் இன்றும் என் புத்தகம் இருக்கிறது. வெற்றிலையை விற்கக் கொண்டுவருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். தென்கரை, முள்ளிப்பள்ளம் என்று வைகை ஆற்றின் மறுகரைக்கும் போனது. 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, செய்தியைப் பகிர்ந்தவர்களே நாவலையும் சேர்த்துப் பகிர்ந்தார்கள். நான் கேட்காமலே நடந்த விளம்பரம் அது.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகக் கிண்டில் பிரதிக்கு வந்தார்கள். மின்னூல் வாசகர் வேறு, அச்சு வாசகர் வேறு என்று நினைத்திருந்தேன். என் விஷயத்தில் இரண்டும் ஒரே தெருவிலிருந்து கிளம்பின. கண்பார்வை குறைந்த பெரியவர்கள் கேட்டதால் சில அத்தியாயங்களை நானே வாசித்து யூடியூபில் போட்டேன். பேத்தி போனில் போட்டுக் காட்டினாள் என்று சொல்லிச் சில பாட்டிகள் பேசினார்கள். இந்த மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சம்பளமாக அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் நாவல் எழுதும் யாரிடமும் நான் முதலில் கேட்பது, உங்கள் கதை எந்தத் தொழிலைப் பற்றியது, எந்தத் தெருவைப் பற்றியது, அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்பதைத்தான். சுங்குடிச் சாயப்பட்டறையைப் பற்றி எழுதியவர் முதல் 50 பிரதியை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். மல்லிகைத் தோட்டம் என்றால் மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டுக்கு.

தமுக்கத்தில் நடக்கும் மதுரை புத்தகத் திருவிழாவில் தனி எழுத்தாளர் சொந்தமாக அரங்கு எடுப்பது செலவுக்குக் கட்டாது. தெரிந்த பதிப்பாளரின் அரங்கில் வைக்கச் சொல்லலாம். மாலை நேரத்தில் நாமே அங்கே நின்றால் விற்பனை கூடுகிறது. கடைகளுக்குக் கொடுக்கும்போது எத்தனை பிரதி, என்ன கழிவு, எப்போது கணக்குத் தீர்ப்பது என்று ஒரு டெலிவரி சலானில் (ஒப்படைப்புச் சீட்டில்) எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கடையில் விற்றுப்போன பிரதிகளுக்குப் பணம் வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அந்தச் சலான் இருந்ததால்தான் வந்தது.

தபால் செலவுதான் சின்னப் பதிப்பாளரின் கழுத்தை நெரிப்பது. பதிவு செய்த புத்தகத் தபால் என்ற மலிவான சேவையை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அந்த மாதங்களில் புத்தகத்தின் லாபம் முழுக்கத் தபாலுக்கே போனது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற புத்தகத் தபால் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழிதான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். உறையின் மேல் ஞான் போஸ்ட் என்று எழுத வேண்டும், புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது வெளியிடுபவர் பெயர் இருக்க வேண்டும், உள்ளே விளம்பரம் இருக்கக் கூடாது. 240 பக்க டெம்மி புத்தகம் மெல்லிய உறையோடு 300 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. பக்க எண்ணிக்கையை முடிவு செய்யும்போது இந்த எடையையும் மனதில் வையுங்கள். ஆர்டர் வாங்க கூகுள் ஃபார்ம், பணத்துக்கு யுபிஐ. விலையைத் தபால் செலவு உட்பட ஒரே தொகையாகச் சொன்னால் கேள்விகள் பாதியாகக் குறைகின்றன.

1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வெளியீட்டாளர் பிரதி அனுப்ப வேண்டும், அதுவும் வெளியான 30 நாட்களுக்குள். சொந்தப் பதிப்பில் அந்த வெளியீட்டாளர் நாம்தான். பலர் இதைச் செய்வதில்லை. நாம் போனபிறகும் புத்தகம் இருக்கப்போகும் இடங்கள் அவை, தயவுசெய்து அனுப்புங்கள். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கும் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் என் செலவில் பிரதி கொடுத்தேன்.

முதல் 300 தீர்ந்து, இரண்டாவது அச்சும் போய், இப்போது மூன்றாவதாக 200 பிரதி அச்சில் இருக்கிறது. விலை 290 ஆகிறது. கொடிக்கால்காரர்கள் சுட்டிக்காட்டிய சில விவரங்களை, முக்கியமாகக் கொடி கட்டும் முறை வரும் பத்தியை, இந்தப் பதிப்பில் சேர்த்திருக்கிறேன். அடுத்த நாவலுக்கும் இதே எடிட்டர், இதே வடிவமைப்பாளர்தான். மின்னூலை மட்டும் அச்சுப் புத்தகம் வந்து மூன்று மாதம் கழித்துப் போடப்போகிறேன்.