பெரம்பூர் அப்பாக்கள் கூட்டம்: போகலாம், ஆனால் பாதியில் எழுந்து வந்துவிடுங்கள்

பெரம்பூர் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு நடக்கிறது. மனைவியைப் பிரிந்து, பெற்ற பிள்ளையைப் பார்க்க குடும்ப நல நீதிமன்றத்துக்கு அலைகிற அப்பாக்களுக்கு ஆலோசனை சொல்கிற கூட்டம். பெயர் போடவில்லை, ஏனென்றால் அங்கே வருகிற எல்லோருக்கும் கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கே கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரியும். இதுவரை ஆறு தடவை போயிருக்கிறேன், ஐந்துக்கு மூன்றரை ஸ்டார் கொடுப்பேன்.

உட்கார ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுதான். முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி முப்பது ஆம்பளைகள் உட்கார்ந்திருப்போம், ஒரே ஒரு ஃபேன், சுவரில் வாய்ப்பாடும் பழங்கள் படம் போட்ட சார்ட்டும். முதல் நாள் என் பக்கத்தில் இருந்தவர் தன் கேஸைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த சார்ட்டில் இருந்த சீத்தாப்பழத்தை விரலால் சுரண்டிக்கொண்டே இருந்தார். கட்டணம் கிடையாது. டீக்கும் ஜெராக்ஸுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய் உண்டியலில் போடச் சொல்வார்கள், போடாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை.

மூன்றரையில் இரண்டு ஸ்டார் ஒரே ஒரு கேள்விக்காக. முதல் நாள் என் கதையை நான் பத்து நிமிடம் சொன்னதும், ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, ஐ.ஏ. போட்டீங்களா?" அப்படியென்றால் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. கஸ்டடி மனு போட்டால் போதும், கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதமாக வாய்தாவுக்கு வாய்தா தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பெரிய மனு முடிய வருடக்கணக்கில் ஆகலாம், அதுவரைக்கும் பிள்ளையைப் பார்ப்பதற்கு இடைக்கால மனு, அதுதான் ஐ.ஏ., தனியாகப் போட வேண்டும், 1890-ஆம் வருடத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்திலேயே 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவுக்கு வழி இருக்கிறது என்று அந்தப் பெரியவர்தான் சொன்னார். காசு வாங்கிய என் பழைய வக்கீல் சொல்லவில்லை. சரி, அவரை விடுங்கள்.

பெரியவரிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது, அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியது. அவர் மகனுடைய கேஸ். ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, போன நேரம், பேரன் வந்த நேரம், கிளம்பிய நேரம், வராவிட்டால் என்ன காரணம் சொன்னார்கள், அன்றைக்கு என்ன சாப்பிட்டான், எல்லாம் நீல மையில். மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை திட்டி எழுதியிருக்காது. "கோபத்தை நோட்டுல எழுதினா ஜட்ஜ் அம்மா நம்மளத்தான் பார்ப்பாங்க, நேரத்தை எழுதினா நேரத்தைப் பார்ப்பாங்க" என்றார். அன்றைக்கு மாலையே எம்.சி. ரோட்டில் நானும் ஒரு நோட்டு வாங்கினேன்.

இனி குறைகள். பதினொன்றரை மணிக்கு மேல் மைக் இளைஞர்கள் கைக்குப் போகும், கூட்டம் வேறு கூட்டம் ஆகிவிடும். "சட்டமே பொம்பளைங்களுக்குத்தான்" என்று ஆரம்பிப்பார்கள். சட்டத்தைப் படித்தால் நிலைமை அப்படி இல்லை. 1956-ஆம் வருடத்து இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டம் 6-ஆம் பிரிவில் இயற்கைக் காப்பாளர் என்று முதலில் அப்பாவைத்தான் சொல்கிறது, அவருக்குப் பிறகுதான் அம்மா. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கலாம் என்பது அதோடு சேர்ந்து வருகிற வரி. அந்த 'பிறகு' என்ற வார்த்தைக்கு 'அப்பா செத்த பிறகு' என்று மட்டும் அர்த்தம் இல்லை என்று சொல்ல வைக்கவே கீதா ஹரிஹரன் என்கிற ஒரு அம்மா 1999 வரை உச்ச நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு அப்பா அம்மா இரண்டு பேரையும் தள்ளி வைத்துவிட்டு பிள்ளையின் நலன்தான் முதல் என்கிறது. என் அனுபவத்தில் நமக்கு நடக்கிற அநியாயம் புத்தகத்தில் இல்லை, வாய்தாவில் இருக்கிறது. யார் கையில் பிள்ளை இருக்கிறதோ அவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் லாபம், அது அம்மாவாக இருந்தாலும் அப்பாவாக இருந்தாலும். அப்பா தூக்கிக்கொண்டு போய்விட்டதால் பிள்ளை முகம் பார்க்க முடியாமல் அதே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் இளைஞர்களுக்குப் பிடிப்பதில்லை.

அவர்கள் கொடுக்கிற நோட்டீஸும் அரைகுறை. ஆஸ்திரேலியாவில் 2006-லேயே அப்பா அம்மாவுக்கு சமப் பொறுப்பு என்று சட்டம் வந்துவிட்டதாகப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சமப் பொறுப்பு இருப்பதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற அந்த அனுமானத்தை 2023-இல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள், 2024 மே மாதத்திலிருந்து அது அமலிலும் இருக்கிறது, அதைப் போடவில்லை. போட வேண்டியது பக்கத்திலேயே இருக்கிறது: நம் சட்ட ஆணையம் 2015-இல் கொடுத்த 257-ஆவது அறிக்கை கூட்டுக் கஸ்டடியை சட்டத்தில் கொண்டுவரச் சொன்னது, அது அப்படியே கிடக்கிறது. அதற்காக மனு எழுதுவோம் என்றால் பாதிப் பேர் போனை நோண்டுகிறார்கள். லண்டனில் 2004-இல் ஃபாதர்ஸ் ஃபார் ஜஸ்டிஸ் என்கிற அப்பாக்கள் உரிமை அமைப்புக்காரர் ஒருவர் பேட்மேன் வேஷத்தில் பக்கிங்ஹாம் அரண்மனை விளிம்பில் ஏறி நின்ற கதையை ஒருவர் சொல்லி, நாமும் ரிப்பன் மாளிகை மேல் ஏறலாமா என்று கேட்டதற்குத்தான் கைதட்டல். பெரியவர் மட்டும், "ஏறுப்பா, அடுத்த வாய்தாவுல எதிர்த்தரப்பு வக்கீல் அந்த போட்டோவைத்தான் முதல் ஆவணமா போடுவார்" என்றார்.

எனக்குக் கோபமே வந்தது ஜீவனாம்சப் பேச்சில். பிள்ளையைக் காட்டவில்லை என்றால் காசை நிறுத்து, வேலையை ராஜினாமா செய் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இரண்டும் தனித்தனி விஷயம். உத்தரவு இருந்து கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்கு அப்புறம் இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தர வேண்டும். அதோடு, அந்தக் காசு போவது யாருக்கு? என் மகள் பீஸுக்கு.

அந்தக் கூட்டத்தில் கிடைத்த யோசனையில் வேறு வக்கீல் வைத்து ஐ.ஏ. போட்டேன். 2020-இல் வந்த யஷிதா சாஹு தீர்ப்பைக் காட்டிக் கேட்டோம், கஸ்டடி கிடைக்காத பெற்றோருக்கு தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு போனில் பேச வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது. இப்போது சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ராத்திரி எட்டுக்கு வீடியோ கால். முதல் சனிக்கிழமை அவளுக்குப் பிடிக்குமே என்று கடலை மிட்டாய் வாங்கிப் போனேன். வாயைத் திறந்து காட்டினாள், முன்பல் இரண்டும் இல்லை. எட்டு மாதத்தில் விழுந்திருக்கிறது. கடிக்க முடியாமல் ஓரமாக வைத்து சப்பிக்கொண்டே இருந்தாள், கை முழுக்கப் பிசுபிசுப்பு, துடைத்துவிட்டு முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

போகிறவர்கள் பத்து மணிக்கே போய்விடுங்கள், பெரியவர் வரிசையாகத்தான் கேட்பார். மனு நகல், கடைசி மூன்று வாய்தாவின் குறிப்பு கையில் இருக்கட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-க்கு அடித்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு, ஆனால் எஸ்.சி., எஸ்.டி.யாகவோ தொழிற்சாலைத் தொழிலாளியாகவோ இருந்தால் அந்த வரம்பு பார்க்க மாட்டார்கள், மணலி, எண்ணூர் பக்கம் வேலை பார்க்கிற நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. பதினொன்றரைக்கு டீ வரும். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வண்டியைக் கீழே இருக்கிற பால் டிப்போ ஷட்டர் முன்னால் மட்டும் விடாதீர்கள், கத்துவார்கள்.