கரோலினா பாஸ்கெட்பால் மியூசியம் – அம்மா, பொண்ணு, நான், அப்புறம் ஒரு லெட்டர்

நார்த் கரோலினால இருக்கிற கேரிக்கு குடி வந்து ஆறு வருஷம் ஆச்சு, சேப்பல் ஹில் அரை மணி நேர டிரைவ், ஆனா அங்க நார்த் கரோலினா யூனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமுக்குன்னே இருக்கிற இந்த மியூசியத்துக்கு இப்பதான் போனோம். என் பொண்ணு ஸ்கூல் டீம்ல ஆட ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல பந்து சத்தம்தான், ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மா வேற "எங்கயாவது கூட்டிட்டு போல, எத்தன நாளு சுவத்தையே பாத்துட்டு இருக்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க, சரி ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிரிப்னு கிளம்பிட்டோம்.

முதல்ல முக்கியமான விஷயம், டிக்கெட் கிடையாது. ஃப்ரீ. 2008ல திறந்தது, எர்னி வில்லியம்சன் அத்லெடிக்ஸ் சென்டர்ங்கிற பில்டிங்ல இருக்கு, பக்கத்துலயே ஸ்மித் சென்டர், அதான் எல்லாரும் டீன் டோம்னு சொல்ற பெரிய அரங்கம். கிளம்புறதுக்கு முன்னாடி திறந்திருக்கிற நேரத்த ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க, மேட்ச் இருக்கிற நாள்ல அந்த பக்கமே போகாதீங்க, 21,000 பேருக்கு மேல உக்காருற இடம், பார்க்கிங் பத்தி நான் சொல்லணுமா.

நாங்க போனது இந்த டீம்ல ஆடின மைக்கேல் ஜோர்டானுக்காக. அங்க வர்ற முக்கால்வாசி பேரும் அதுக்குத்தான் வர்றாங்கன்னு நினைக்கிறேன். ஆனா என்ன அசர வச்சது ஒரு லெட்டர். 1980ல டியூக் யூனிவர்சிட்டிக்கு புதுசா வந்த ஒரு கோச், ஹைஸ்கூல் பையனா இருந்த ஜோர்டானுக்கு எழுதினது. நீ எங்க காலேஜுக்கு வர்ற எண்ணத்த விட்டுட்டியாம்னு கேள்விப்பட்டேன், வருத்தம்தான், நல்லா வரணும்னு வாழ்த்துறேன், இவ்வளவுதான் சாரம். எழுதினவரு மைக் ஷஷெவ்ஸ்கி. பேர உச்சரிக்க முடியாம எல்லாரும் கோச் கேன்னு சொல்றாங்களே, அவரேதான். பின்னாடி அவரு 1202 மேட்ச் ஜெயிச்சு, 5 தடவ சாம்பியன் ஆகி, ஒலிம்பிக்ல அமெரிக்க டீமுக்கு மூணு தங்கம் வாங்கி குடுத்தது எல்லாம் வேற கத. அந்த மனுஷன் தோத்த பேப்பர எதிரி வீட்டுல கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க பாருங்க, அந்த குசும்புக்கே போகலாம். டியூக்கும் இவங்களும் கிட்டத்தட்ட பத்து மைல் தூரத்துல இருக்கிற பங்காளிங்க, புரிஞ்சுக்கோங்க.

அம்மாவுக்கு பாஸ்கெட்பால்னா கூடையில பந்து போடணும்ங்கிற அளவுக்குத்தான் தெரியும், அதனால நான்தான் கைடு வேல பாத்தேன். இந்த டீமோட பழைய கோச் டீன் ஸ்மித் கதய அங்க நின்னே சொன்னேன். 1961ல 30 வயசுல ஹெட் கோச் ஆகுறாரு, அதுக்கு முன்னாடி இருந்த ஃப்ராங்க் மெக்வயர் சாதாரண ஆளு இல்ல, 1957ல ஒரு மேட்ச் கூட தோக்காம 32 ஜெயிச்சு சாம்பியன், ஃபைனல்ல வில்ட் சேம்பர்லெய்ன் ஆடின கேன்சஸ மூணு ஓவர்டைம்ல ஒரே ஒரு பாயிண்ட்ல அடிச்ச டீம். அந்த நாற்காலில வந்து உக்காந்த ஸ்மித்துக்கு முதல் சீசன் 8 வெற்றி 9 தோல்வி. 1965 ஜனவரில வேக் ஃபாரஸ்ட் கிட்ட தோத்துட்டு டீம் பஸ் கேம்பஸுக்குள்ள வருது, அங்க ஸ்டூடன்ட்ஸ் அவரோட கொடும்பாவிய கட்டி தொங்க விட்டிருக்காங்க. பஸ்ஸ விட்டு இறங்கி ஓடி அத பிச்சு எறிஞ்சது பில்லி கன்னிங்காம், அந்த டீமோட ஸ்டார். "கொடும்பாவி"ங்கிற வார்த்தய கேட்டதும் அம்மா நிமிர்ந்துட்டாங்க, "இங்கயும் அதெல்லாம் உண்டால?" அதுக்கப்புறம் முழு கவனமா கேட்டாங்க.

ஸ்மித்துக்கு முதல் சாம்பியன்ஷிப் 1982லதான். 21 வருஷம். அதுக்குள்ள ஆறு தடவ ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு டீம் வரைக்கும் போய் வெறுங்கையோட திரும்பியாச்சு, பெரிய மேட்ச் ஜெயிக்க தெரியாத ஆளுன்னு பேரும் வாங்கியாச்சு. நியூ ஆர்லியன்ஸ்ல ஜார்ஜ்டவுன் கூட ஃபைனல், முதல் வருஷ பையன் ஜோர்டான் கடைசி நொடிகள்ல போட்ட ஷாட், 63-62. அதுக்கப்புறமும் ஜார்ஜ்டவுனுக்கு நேரம் இருந்துச்சு, ஃப்ரெட் பிரவுன் பதட்டத்துல பந்த நேரா எதிரணி ஜேம்ஸ் வொர்த்தி கையில குடுத்துட்டாரு. 1993ல அதே நியூ ஆர்லியன்ஸ், அதே அரங்கம், மிச்சிகனோட கிறிஸ் வெபர் டீமுக்கு மிச்சமே இல்லாத டைம்அவுட்ட (ஆட்டத்த நிறுத்தி எடுக்கிற இடைவேள) கேட்டு மாட்டிக்கிட்டாரு, ரெண்டாவது கப். ரெண்டுமே எதிரணி சொதப்பினதாலதான்னு டியூக் ஆளுங்க என் ஆபீஸ்ல இன்னும் கிண்டல் பண்ணுவாங்க. இருக்கட்டுமே. கடைசி நிமிஷம் வரைக்கும் பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் அந்த சொதப்பல் கிடைக்கும், மூணாவது ரவுண்டுல வீட்டுக்கு போனவனுக்கு யாரு தப்பா பாஸ் குடுக்க போறா.

அவருகிட்ட எனக்கு பிடிக்காத விஷயமும் ஒண்ணு உண்டு, ஃபோர் கார்னர்ஸ். நாலு பேரு நாலு மூலைக்கு போயிடணும், நடுவுல ஒருத்தன் பந்த தட்டிக்கிட்டே நேரத்த ஓட்டணும், நம்ம பாஷையில சொன்னா டெஸ்ட் மேட்ச்ல கட்ட போடுறது. 1979ல டியூக் கூட ஆடின மேட்ச்ல இப்படி இழுத்தடிச்சு ஹாஃப்டைம் ஸ்கோர் 7-0, நம்புங்க, ஏழுக்கு பூஜ்யம், அந்த பூஜ்யம் ஸ்மித் டீமுதான், கடைசில மேட்சும் போச்சு. 1982ல வர்ஜீனியா கூட ACCங்கிற இந்த காலேஜுகளோட லீக் ஃபைனல்லயும் அதே இழுவ, அது 47-45னு ஜெயிச்சாங்க, ஆனா டிவில பாத்தவங்க கடுப்பாயிட்டாங்க. இந்த மாதிரி ஆட்டங்களாலதான் 1985-86 சீசன்ல இருந்து காலேஜ் ஆட்டத்துக்கு 45 செகண்ட் ஷாட் கிளாக், அதாவது அதுக்குள்ள பந்த கூடைக்கு எறிஞ்சாகணும்ங்கிற ரூல் வந்துச்சு. என் பொண்ணு "அப்போ ரூல மாத்த வச்சாரா, செம"ங்கிறா. இந்த காலத்து புள்ளைங்க.

எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்தது குரு பரம்பரைதான். 1891ல இந்த ஆட்டத்த கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித் பின்னாடி கேன்சஸ் யூனிவர்சிட்டில கோச்சா இருந்தாரு (கேன்சஸ் கோச்சுகள்லயே ஜெயிச்சத விட அதிகமா தோத்தவரு அவரு ஒருத்தருதான், கண்டுபிடிச்சவருக்கே இந்த கதி). அவருகிட்ட கத்துக்கிட்டவரு ஃபாக் ஆலன், ஆலன்கிட்ட ஆடினவரு ஸ்மித், ஸ்மித்கிட்ட அசிஸ்டன்ட்டா இருந்தவரு ராய் வில்லியம்ஸ். வில்லியம்ஸ் 1978ல ஹைஸ்கூல் கோச் வேலய விட்டுட்டு வருஷத்துக்கு 2,700 டாலர் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தாரு, மீதி செலவுக்கு டீம் காலண்டர் வித்திருக்காரு. அவருதான் பின்னாடி 2005, 2009, 2017னு மூணு கப், குருவ விட ஒண்ணு கூட. ஐடில ஆஃபர் லெட்டர் வச்சு பேரம் பேசுற நம்ம ஆளுங்களுக்கு இந்த 2,700 கதய சொன்னா சிரிப்பாங்க.

கடைசியா ஸ்மித் 1997ல ரிடையர் ஆகும்போது 879 வெற்றி, அப்போ அதுதான் ரெக்கார்டு, 876 வச்சிருந்த கென்டக்கி கோச் அடால்ஃப் ரப்ப தாண்டினது. ரப்பும் ஆலனோட சிஷ்யன்தான், பரம்பரைய விட்டு ரெக்கார்டு வெளிய போகல. இப்போ நம்பர்ல கோச் கே எங்கயோ போயிட்டாரு. ஆனா 2022ல கே கோச்சா நின்ன கடைசி மேட்ச், ஃபைனல் ஃபோர், தோத்தது யாருகிட்ட? நார்த் கரோலினாகிட்ட, 81-77, அதுவும் அதே நியூ ஆர்லியன்ஸ் அரங்கத்துல. அந்த லெட்டர் முன்னாடி நிக்கும்போது இதுவும் ஞாபகம் வருது, என்ன பண்றது.

அம்மாவுக்கு எது பிடிச்சதுன்னா, நான் வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து சொன்ன விஷயம். ஸ்மித் 2015 பிப்ரவரில 83 வயசுல இறந்தாரு. ஒரு மாசம் கழிச்சு அவருகிட்ட ஆடின பழைய பிளேயர்ஸ் சுமார் 180 பேருக்கு ஆளுக்கு 200 டாலர் செக் தபால்ல வருது, வெளிய போய் நல்லா ஒரு டின்னர் சாப்பிடுங்கன்னு. உயில்லயே எழுதி வச்சிருக்காரு, ஜோர்டானுக்கும் அதே 200, பெஞ்சிலயே உக்காந்திருந்தவனுக்கும் அதே 200. அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "செத்தும் சோறு போட்டிருக்காரு"ன்னாங்க.

என் ரேட்டிங் 5க்கு 5. அம்மா 4 குடுத்தாங்க, உள்ள நிஜமாவே யாராவது பந்து ஆடுவாங்கன்னு நினைச்சு வந்தாங்களாம். ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, படிக்க நிறைய இருக்கு, சின்ன குழந்தைங்கன்னா ஒரு மணி நேரத்துல நெளிய ஆரம்பிக்கும். தெரிஞ்ச ஒருத்தர் கூட போனா ருசியே வேற, இல்லன்னா வெறும் ஜெர்சியும் கப்பும்தான் கண்ணுல படும்.

வர்ற வழியில ஒரு நம்ம ஊரு ஹோட்டல்ல நிறுத்தினோம், பேரு வேண்டாம், தோச ஆறிப்போய் வந்துச்சு. ஸ்மித் டீம்ல ஒரு பழக்கம் உண்டுன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருந்தேன், பாயிண்ட் போட்டவன் உடனே பாஸ் குடுத்தவன கை காட்டணும். அம்மா சட்னி கிண்ணத்த அவ பக்கம் தள்ளி விட்டாங்க, இவ ஒரு வாய் சாப்பிட்டுட்டு விரல நேரா பாட்டி மூஞ்சிக்கு நீட்டுறா. "பெரியவங்கள பாத்து என்னடி கைய நீட்டுற"ன்னு அம்மா ஒரு அதட்டு, வீடு வர்ற வரைக்கும் நான் விளக்கம் சொல்லிட்டே வந்தேன்.