அதக்கும் புகையிலையைச் சோதிக்கத் துடுப்பா, ஓட்டக் கலமா?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அம்மாயி புகையிலையை மெல்லவே மாட்டார். உள்ளங்கையில் ஒரு கிள்ளு வைத்து, டப்பாவிலிருந்து சுண்ணாம்பை நகத்தால் வழித்துப் போட்டு, கட்டைவிரலால் நன்றாகக் கசக்கி, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொள்வார். அரை மணி நேரம் அது அங்கேயே கிடக்கும். "சுண்ணாம்பு பத்தலைன்னா சப்புன்னு இருக்கும் கண்ணு" என்பார்.

சேலத்தில் மருந்தியல் ஆய்வகத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பேச்சில் இருந்த வேதியியல் எனக்குப் பிடிபட்டது. நிக்கோட்டின் வாயின் சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குள் எளிதில் போக வேண்டுமென்றால் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 7 என்றால் சுமார் 9 விழுக்காடுதான் அப்படி இருக்கும். 8 ஆனால் பாதி, 9 ஆனால் 90 விழுக்காடு. பிஎச்சை ஏற்றும் இந்த வேலையைத்தான் சுண்ணாம்பு செய்கிறது. ஆகவே அதக்கிய புகையிலையை ஆய்வகத்தில் சோதிக்க எந்தக் கருவியை எடுத்தாலும், அது நிக்கோட்டின் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதோடு, எந்த பிஎச்சில் வருகிறது என்பதையும் காட்ட வேண்டும்.

மாத்திரை கரைவதைப் பார்க்கும் துடுப்புக் கருவி மருந்தியல் கல்லூரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும். 37 டிகிரியில் 500 அல்லது 900 மில்லி செயற்கை உமிழ்நீர், அதில் மெதுவாகச் சுற்றும் துடுப்பு. செலவு குறைவு, கற்றுக்கொள்வதும் சுலபம். ஸ்வீடன்காரர்கள் உதட்டுக்குள் வைக்கும் ஸ்னஸ் புகையிலை போலச் சின்னப் பையில் அடைத்து வரும் சரக்கில், இரண்டு தயாரிப்புகளை ஒப்பிட இது போதும். நம்மூர்ப் புகையிலை உதிரி. பாதி மிதக்கும், பாதி அடியில் தங்கும். துடுப்புக்குப் பதில் வலைக்கூடையில் போட்டுச் சுற்றினால் தூள் வலைக்கண்ணை அடைத்துக்கொள்ளும்.

அதையும் சமாளித்துவிடலாம். குடுவையில் ஊற்றும் உமிழ்நீரின் அளவுதான் எனக்கு உறுத்துகிறது. வாயில் ஒரு நேரத்தில் இருக்கும் உமிழ்நீர் ஏறக்குறைய 1 மில்லி. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3, 0.4 மில்லி ஊறும், புகையிலை வைத்தால் கூடும். 1 மில்லி என்றே வைத்துக்கொண்டாலும் அரை மணிக்கு 30 மில்லிதான். அதற்குப் பதில் புகையிலையை 500 மில்லியில் போட்டால், நகத்தில் வழித்த சுண்ணாம்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அம்மாயியின் ஈறோரத்தில் நடந்தது அந்தக் குடுவைக்குள் நடக்கவே நடக்காது.

புகையிலை மேல் உமிழ்நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் கலமான ஓட்டக் கலம் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அடியில் கண்ணாடி மணிகள், மேலே புகையிலை, கீழிருந்து பம்பு உமிழ்நீரை ஏற்றும். வெளியே வருவதை நிமிடவாரியாகப் பிடித்து, கலவையைப் பிரித்துக் காட்டும் திரவ நிறப்பகுப்புக் கருவியில் நிக்கோட்டினை 260 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளக்கலாம். பிஎச்சையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், காற்றில் வைத்தால் கரியமில வாயு கலந்து இறங்கிவிடும். மருந்துகளுக்கு வழக்கமாக ஓடவிடும் நிமிடத்துக்கு 4 மில்லி வேகம் வாய்க்கு அதிகம், குறைத்து ஓட்டுங்கள். குறைகளும் உண்டு. கருவி விலை அதிகம். நாக்கு தள்ளுவதும் கன்னம் அழுத்துவதும் இதில் கிடையாது. சுண்ணாம்புத் தூள் வடிதாளை அடைத்து அழுத்தம் ஏறும், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மெல்லும் எந்திரம் சூயிங்கம் மருந்துகளுக்காக வந்தது. வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லுகிறவர்களுக்கு அதுதான் சரி, பாக்கு கடிபட்டால்தான் அதில் உள்ளது நன்றாக இறங்கும். அதக்குகிறவர்களுக்கு அது வேண்டாம்.

அப்புறம் மனித வாய். பழக்கம் உள்ளவர் துப்பிய சக்கையில் மிச்சம் எவ்வளவு என்று அளப்பது. கருவியின் கணக்கு சரியா என்று இதில்தான் தெரியும். ஆனால் வாய்ப்புற்றுநோய் தரும் பொருளைச் சோதனைக்காக யாருக்கும் புதிதாகக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே போடுகிறவரையும் கூடுதலாகப் போடச் சொல்லக் கூடாது.

நான் ஓட்டக் கலத்தைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் போடும் கலவையை ஆய்வகத்தில் தராசு வைத்து நாமாக உருவாக்கக் கூடாது. தினமும் கசக்குகிற ஒருவரின் புகையிலைப் பையையும் சுண்ணாம்பு டப்பாவையும் முன்னும் பின்னும் எடை போட்டு, அவர் கை எடுத்த விகிதத்திலேயே கசக்கி உள்ளே வைக்க வேண்டும்.